கோவும் கோயிலும்

சுருளியாற்றின் வளம் பெறும் இந்நன்னாட்டில், சுருளிப்பட்டியில் குடமுழுக்குக் காணும் இத்திருக்கோயிலின் மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமெனத் திருப்பணிக் குழுவினர் அன்போடு பணித்தனர். தலப்பெருமையும் திருமுறைப் பெருமையும் எழுத வல்லார் பலர் இம்மலரில் உளர். ஆதலின் நாள்தோறும் நம் நாவில் வழங்கும் ஒரு சொல்லையே பொருளாகக் கொண்டேன். கோயில் என்பதே அச்சொல்.

கோ என்பது அரசன். இல் என்பது வீடு. எனவே கோயில் என்பது அரசன் வாழும் வீடு. பழந்தமிழ் நூல்களில் இச்சொல் அரண்மனையைக் குறித்தே பெரிதும் வழங்கிற்று. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் இருந்த மாளிகையும் கோயில், பிறவா யாக்கைப் பெருமான் உறையும் இடமும் கோயில். இரு பொருளும் அருகருகே நிற்கும் காலம் அது. பின்னர்ப் படிப்படியாக அரண்மனைப் பொருள் தேய்ந்து, இறைவன் உறையும் இடம் ஒன்றே பொருளாய் நின்றுவிட்டது. சைவர்கள் இன்னும் ஒருபடி மேற்சென்று, கோயில் என்று வாளா சொன்னால் அது தில்லையே என்று வரையறுத்துக்கொண்டனர்.

இச்சொல்லுக்கு உடன்பிறப்புப் போன்ற ஒரு சொல் நெடுந்தொலைவில், எகிப்து நாட்டில் நைல் ஆற்றங்கரையில் வழங்கிற்று. அந்நாட்டு மன்னனைப் பார்வோன் என்று விவிலிய நூலின் தமிழ் மொழிபெயர்ப்பிற் காண்கிறோம். எகிப்தியர் மொழியில் அச்சொல்லின் மூலவடிவம் 'பெர் ஆ' என்பது. பெர் என்றால் வீடு; ஆ என்றால் பெரிய. பெரிய வீடு, அதாவது அரண்மனை, என்பதே அதன் பொருள். ஏறத்தாழக் கி.மு. 15ஆம் நூற்றாண்டு முதல், அவ்வீட்டின் பெயரே அவ்வீட்டில் வாழ்ந்த மன்னனுக்கும் பெயராயிற்று.

இரு நாட்டிலும் அரசன் வீட்டைக் குறித்த சொல்லே உயர்வு பெற்றது. எகிப்தில் அச்சொல் அரசனைப் போய்ச் சேர்ந்தது. தமிழகத்தில் அஃது அரசனை விட்டு நீங்கி ஆண்டவனைப் போய்ச் சேர்ந்தது. இவ்வேறுபாடு எங்ஙனம் நேர்ந்தது என்பதே ஈண்டு ஆராயப்படுவது. இது சொல்லாராய்ச்சியோடு நிற்கும் செய்தி அன்று. கோயிலுக்குப் பொருள் ஈந்தவர் யாவரும் தமக்கு அங்கே உரிய இடம் எது என்று அறிந்துகொள்ளும் செய்தியுமாம்.

முதலில் எகிப்தியர் கொள்கையைக் காண்போம். அவர்தம் மன்னன் உயிரோடிருக்கும்போது ஹோரஸ் என்னும் பருந்துருவத் தெய்வம். இறந்தபின் ஒசிரிஸ் என்னும் மறுமையுலகத் தலைவன். பிறப்பால் ரா என்னும் ஞாயிற்றுக் கடவுளின் மைந்தன். முடிசூட்டு நாளில் இரு தெய்வங்கள் அவன் இருமருங்கும் நின்று குடநீர் சொரிவதாக அவர்கள் கற்சுவர்களிற் செதுக்கியிருக்கிறார்கள். குடங்களிலிருந்து விழும் நீர், உயிரைக் குறிக்கும் எழுத்துக்களாக வரிசையாய் இறங்குகிறது. நம் நாட்டு முடிசூட்டு விழாவிலும் திருமஞ்சன நீர்தான் முதன்மை. மன்னனுக்கு அபிடேகம், இறைவனுக்கும் அபிடேகம். நிறைகுடத்து நீரால் ஆற்றல் இறங்கும் என்னும் நம்பிக்கை இரு நாட்டிற்கும் பொதுவாதல் கண்டு மகிழலாம்.

அவர்கள் நித்திய வழிபாட்டைக் கேட்டால் நம் சிவாசாரியர்களே வியப்பார்கள். வைகறையில் குருக்கள் தூய்மை செய்துகொண்டு கருவறை வாயிலின் களிமண் முத்திரையை உடைத்துத் தாழ் நீக்குவார். திருமேனியின் முன் நெடுஞ்சாண்கிடையாக வீழ்ந்து பணிவார். நறும்புகை காட்டி, பழைய ஆடை களைந்து, நறுநெய் பூசி, பல நிறத்துப் புத்தாடை சாத்தி, உணவு படைப்பார். படைத்த உணவு பின்னர்க் கோயிற் பணியாளருக்குப் பங்கிடப்படும். யாவும் முடிந்தபின், தம் அடிச்சுவடு ஒன்றும் தரையிற் படாதபடி துடைப்பத்தாற் பெருக்கிக்கொண்டே பின்னோக்கி வெளியேறிக் கதவடைப்பார். விழாக்காலத்தில் திருமேனியைப் படகு வடிவான பல்லக்கில் எழுந்தருளச் செய்து தோள்மேற் சுமந்து உலா வருதலும் உண்டு. கார்நாக்குக் கோயில் அமுன் தெய்வம் லக்சார்க் கோயிலுக்கு எழுந்தருளும் ஓபெத் திருவிழா அத்தகையது. புதிதாகச் செய்த படிமத்திற்கு உளி போன்ற கருவியால் வாயைத் தொட்டு 'வாய் திறத்தல்' என்னும் சடங்கு செய்வர்; அதன்பின்னரே அது வெறுங்கல் என்னும் நிலை நீங்கும். நாம் பிரதிட்டையில் செய்யும் நயனோன்மீலனம் என்னும் கண் திறப்பினை இஃது எவ்வளவு நெருங்குகிறது! ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றார் என்று சொல்லத் தக்க சான்று இல்லை. உயிரில்லாக் கல்லில் உயிருக்குயிரானவன் எழுந்தருளுவான் என்ற துணிவு மாந்தர்க்கு இயல்பாய்த் தோன்றுவது போலும்.

ஒற்றுமை இவ்வளவோடு நிற்கிறது. அக்கோயிற் சுவர்களை நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். நாள்தோறும் வழிபாடு செய்தவர் குருக்கள். ஆயின் சுவரில் வழிபடுபவனாகக் காட்டப்படுபவன் மன்னன். நறும்புகை ஏந்துபவன் மன்னன், நீர் வார்ப்பவன் மன்னன். உலக ஒழுங்கும் வாய்மையும் ஆகிய 'மாத்' என்னும் தெய்வத்தின் சிறு பாவையை உள்ளங்கையிற் கொண்டு கடவுளுக்குப் படைப்பவனும் அவனே. குருக்கள் அவனுக்குப் பதிலாள் மட்டுமே. தெய்வத்தோடு பேசத்தக்க தகுதி தெய்வ மைந்தனாகிய அவனுக்குத்தான் உண்டு என்பது அந்நாட்டு மரபு. பொதுமக்கள் வெளிமுற்றத்தோடு நின்றனர். கருவறை அவர்க்கு எட்டாதது.

இக்கொள்கையின் கொடுமுடியை இரண்டிடத்திற் காணலாம். ஒன்று, கி.மு. 26ஆம் நூற்றாண்டில் கூபு மன்னனுக்கு எழுந்த பிரமிடு. கட்டிய நாளில் ஏறத்தாழ 146 மீட்டர் உயரம். அதனை ஒட்டி அமைந்த கோயிலில் வழிபாடு பெற்றவன் இறந்த மன்னனே. அதற்கென நிலமும் குருமாரும் விடப்பட்டனர். மற்றொன்று, 66 ஆண்டு அரசாண்ட இரண்டாம் இராமசேசு மன்னன் மலையைக் குடைந்து சமைத்த அபு சிம்பல் கோயில். அதன் வாயிலில் நான்கு பேருருவங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 மீட்டர். நான்கும் அம்மன்னன் உருவமே. உள்ளே கருவறையில் மூன்று தெய்வங்களோடு நான்காவதாக அவனே அமர்ந்திருக்கிறான். ஆண்டில் இரு நாள் காலைக் கதிரவன் ஒளி கருவறை மட்டும் புகுந்து அவ்வுருவங்கள்மேற் படும். நம் நாட்டுச் சிவாலயங்கள் பலவற்றில் ஞாயிற்றின் கதிர் இலிங்கத் திருமேனியைத் தொடும் நாளைச் சூரிய பூசை எனக் கொண்டாடுகிறோம். அங்கே ஒளி தேடி வந்தது மன்னன் முகத்தையும் அன்றோ!

இனி நம் நாட்டுக்கு வருவோம். தமிழ் மன்னன் எளியவன் என்றோ, அவனுக்குத் தெய்வத்தன்மை ஏற்றப்படவில்லை என்றோ எண்ணுதல் பிழை. நெல்லும் நீரும் உயிராகா, மன்னனே உலகுக்கு உயிர் என்று மோசிகீரனார் புறநானூற்றிற் பாடினார். இறை என்னும் சொல் கடவுளுக்கும் அரசனுக்கும் பொது. அரசனது காவல் மரம் தெய்வத்தன்மை உடையது. அவன் முரசுக்கும் பலியும் பூசையும் உண்டு. அரசன் முறை பிழைத்தால் மழை பொய்க்கும் என்று திருக்குறளின் கொடுங்கோன்மை அதிகாரமும் கூறுகிறது. நைல் ஆற்றில் வெள்ளம் வருவதும் வாராததும் மன்னனைப் பொறுத்தது என்று எகிப்தியர் நம்பியதற்கு இஃது அண்மையில் நிற்கும் கருத்தே.

ஆயினும் அந்த மோசிகீரனாரையே எடுத்துக்கொள்வோம். சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் அரண்மனைக்கு அவர் சென்றபோது, முரசினை நீராட்டுவதற்கு வெளியே கொண்டுபோயிருந்தனர். முரசு வைக்கும் கட்டிலில் மலர் பரப்பியிருந்தது. வழிநடை இளைப்பினால் அஃது இன்னதென்று அறியாமல் அதன்மேற் புலவர் உறங்கிவிட்டார். முரசுகட்டிலைத் தீண்டியவனை வாளால் வெட்டுதல் அக்கால முறை. சேரன் வந்தான், பார்த்தான், கவரி எடுத்து, உறங்கும் புலவருக்கு வீசி நின்றான். மன்னனது புனிதம் எவ்வளவு பெரிது என்பதையும், அதனைத் தமிழுக்கு முன் மன்னன் தானே இறக்கி வைத்தான் என்பதையும் இவ்வொரு நிகழ்ச்சி காட்டுகிறது. பார்வோனுடைய சுவர்களில் இத்தகைய காட்சி ஒன்றை எதிர்பார்க்க முடியுமா என்று எண்ணிப் பார்க்கிறேன்.

மழை பற்றியும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பாண்டி நாட்டைப் பன்னிரண்டு ஆண்டு வற்கடம் வருத்தியதாக இறையனார் களவியல் உரை கூறும். அப்போது பாண்டியன் புலவர்களை அழைத்து, உங்களைக் காக்கும் வலிமை எனக்கு இல்லை, நாடு நாடானபின் வாருங்கள் என்று விடை கொடுத்தானாம். தன்னால் ஆகாது என்று சொல்லும் அரசனை நம் மரபு இகழாமல் எழுதி வைத்திருக்கிறது. நீர் தந்தவரைப் போற்றும் பழக்கமும் நம்மிடம் மாறவில்லை. 1895இல் முல்லைப் பெரியாற்றில் அணை எழுப்பி இப்பள்ளத்தாக்கிற்கும் அப்பாலுக்கும் நீர் தந்த பென்னிகுயிக்குத் துரையை அவர் பிறந்த நாளாகிய தை மாதத் தொடக்கத்தில் பொங்கலிட்டு நினைக்கும் ஊர்கள் நம்மைச் சுற்றி உள்ளன. அவர் மன்னர் அல்லர். வேற்று நாட்டுப் பொறியாளர். நன்றி மறவாமை கருதி நினைக்கிறோம்.

இப்பள்ளத்தாக்கின் மேற்கு விளிம்பை நோக்குங்கள். கூடலூருக்கு மேல், தமிழக கேரள எல்லையில், மங்கலதேவி என வழங்கும் கண்ணகி கோட்டம் மலைமுகட்டில் நிற்கிறது. சித்திரைப் பௌர்ணமி ஒரு நாளில் மட்டும் மக்கள் ஏறிச்சென்று வழிபடுகின்றனர். அங்கே வழிபாடு பெறுபவள் யார்? ஒரு மன்னனைப் பிழை செய்தவன் என்று அவன் அவையிலேயே மெய்ப்பித்த வணிகர் குலத்துப் பெண். பிழையை உணர்ந்த கணத்திலேயே பாண்டியன் அரியணையில் உயிர் விட்டான். எகிப்தியர் நூல்களில், இறந்தவன் நெஞ்சினைத் தராசின் ஒரு தட்டிலும் மாத் தெய்வத்தின் இறகை மறு தட்டிலும் இட்டு ஒசிரிசின் முன் நிறுக்கும் காட்சி உண்டு. அழகிய கருத்து; யாம் அதனைக் குறைத்துக் கூறவில்லை. ஆயின் அத்தராசு மறுமையில் உள்ளது. பாண்டியனுக்கு அது மதுரையிலேயே, அவன் கோயிலிலேயே, ஒரு சிலம்பின் பரல் வடிவில் வந்துவிட்டது. மன்னனுக்குக் கோட்டம் எழவில்லை. நீதி கேட்டவளுக்குச் சேரன் செங்குட்டுவன் இமயத்துக் கல் கொணர்ந்து கோட்டம் எடுத்தான் என்கிறது சிலப்பதிகாரம்.

மன்னனுக்கு மேலே அறம் உண்டு என்று சங்கச் சான்றோரும் இளங்கோவடிகளும் நிறுவிய இடத்தில், அவ்வறத்தின் வடிவாகிய சிவபெருமானே மன்னன் என்று நிறுவியவர் நம் சமயகுரவர். இத்திருப்பத்தில் முதலில் நிற்பவர் திருநாவுக்கரசர். பல்லவ மன்னன், அறிஞர் பலர் கருத்துப்படி முதலாம் மகேந்திரவர்மன், அவரை அழைத்துவர ஆளனுப்பியபோது, தாம் சங்கரனுக்கு ஆளானவர், வேறெவர்க்கும் குடியல்லர் என்று விடையிறுத்தார். நீற்றறை, நஞ்சு, யானை, கல்லோடு கட்டிக் கடலிடல் என நான்கும் கடந்தார். முடிவில் மன்னனே அவர் வழிக்கு வந்தான். கி.மு. 14ஆம் நூற்றாண்டில் அகெநாத்தன் என்னும் எகிப்திய மன்னன் பழைய தெய்வங்களை விலக்கி, ஞாயிற்று வட்டம் ஒன்றையே வழிபடவேண்டும் என்று ஆணையிட்டான். அமுன் பெயரைக் கல்வெட்டுக்களிலிருந்து செதுக்கி எறியச் செய்தான். ஒரே கடவுள் என்னும் கருத்து மேலானதே. ஆனால் மன்னனும் அவன் குடும்பத்தினருமே அக்கடவுளை நேரே வழிபட்டனர். மக்கள் மன்னனையே வழிபட்டனர். அவன் கண் மூடியதும் அச்சமயமும் மூடிற்று. அவனுக்கு எதிர்நின்று குடியல்லேன் என்று சொன்ன ஒருவரை அந்நாட்டு வரலாறு நமக்குக் காட்டவில்லை. நம் நாட்டில் மன்னன் மதம் மாறினான் என்றால், அவனை மாற்றிய அடியார் ஒருவர் இருந்தார். கூன் பாண்டியன் வெப்பு நோயால் துடித்தபோது அவனும் ஓர் உடல் தாங்கிய மனிதனே என்பது வெளிப்பட்டது. ஆலவாய் மடைப்பள்ளிச் சாம்பலும் சம்பந்தப் பிள்ளையார் திருக்கையும் அவனை நின்றசீர் நெடுமாறனாக்கின.

இதன்பின் அரசனுக்குரிய சொற்களும் சிறப்புக்களும் ஒவ்வொன்றாய்ச் சிவாலயத்துக்குள் வந்து சேர்ந்ததைக் காண்கிறோம். பள்ளியெழுச்சி அரசனைத் துயிலெழுப்பும் பாடல், அது திருப்பள்ளியெழுச்சியாயிற்று. கொடி, முரசு, குடை, சாமரம், உலா, பள்ளியறை யாவும் அரண்மனைக்குரியவை. உடையார் என்பது சோழர் கல்வெட்டுக்களில் மன்னனுக்கும் வழங்கும், மன்னன் எடுத்த கோயிலில் உறையும் பெருமானுக்கும் வழங்கும். மன்னன் அணிந்திருந்ததை எல்லாம் தமிழர் இறைவனுக்குச் சாத்திவிட்டனர் என்று சொன்னால் மிகையாகாது. மன்னனிடம் மிஞ்சியது என்ன? தொண்டன் என்னும் பெயர். அதனையே அவன் பெரும்பேறாக ஏற்றுக்கொண்டான்.

சேரமான் பெருமாள் நாயனார் முடிசூடிய நாளில் நடந்ததைச் சேக்கிழார் பெருமான் கூறக் கேளுங்கள். திருவஞ்சைக்களத்தில் வழிபட்டு யானைமேல் நகர் வலம் வருகிறார். எதிரே ஒரு வண்ணார் உவர்மண் பொதியைச் சுமந்து வருகிறார். மழையில் மண் கரைந்து உடலில் வழிந்து உலர்ந்து வெளுத்திருக்கிறது. திருநீறு பூசிய அடியார் திருக்கோலம் என்றே அது சேரமானுக்குத் தோன்றிற்று. யானையினின்று விரைந்திறங்கி வணங்கினார். வண்ணார் நடுங்கி, தாம் வண்ணார் என்றார். தாம் அடியாராகிய சேரர் என்று மன்னர் மறுமொழி கூறி, திருநீற்றின் கோலத்தை நினைப்பித்தீர், வருந்தாது செல்லும் என்று வழிவிட்டார். எகிப்தில் மன்னன் தெய்வமாக மாறும் நாள் எதுவோ, அந்த முடிசூட்டு நாளிலேதான் இங்கே ஒரு மன்னர் தெருவில் இறங்கி வண்ணாரைப் பணிந்தார். இம்மலைத் தொடருக்கு அப்பாலுள்ள நாடு, நமக்கு அயல் நாடன்று.

குடமுழுக்கு மலரில் எழுதும்போது பூசலார் நாயனாரை விடுவது முறையாகாது. திருநின்றவூரில் பொருளில்லா அந்தணர் ஒருவர். கோயில் எடுக்க விழைந்தார். நாடெங்கும் சென்று இரந்தும் பொருள் கிட்டவில்லை. ஆதலின் மனத்துக்குள்ளேயே கல்லும் மரமும் தேடி, தச்சரைத் தேர்ந்து, நல்ல நாளில் அடித்தளமிட்டு, இரவும் உறங்காது அணி அணியாய் விமானம் உயர்த்தி, கிணறு தோண்டி, மதில் எடுத்து, குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். அதே நாளைக் காஞ்சியில் பல்லவ மன்னனும் தான் எடுத்த கற்றளிக்குக் குறித்திருந்தான். முந்திய இரவு பெருமான் மன்னன் கனவில் தோன்றி, நின்றவூர்ப் பூசல் எடுத்த ஆலயத்தில் நாளை நாம் புகுகின்றோம், நீ வேறு நாள் வைத்துக்கொள் என்றருளினார். மன்னன் நின்றவூர் போந்து, பூசலார் கோயில் எங்கே என்று ஊரெல்லாம் வினவினான். கோயில் ஒன்றும் இல்லை என்றனர் ஊரார். அவரையே நேரிற் கண்டு கேட்டபின் உண்மை விளங்கியது. மன்னன் நிலமுற வீழ்ந்து வணங்கிப் போயினான். அக்கற்றளி கைலாசநாதர் கோயில் என்றும், மன்னன் இராசசிம்ம பல்லவன் என்றும் அறிஞர் கருதுவர். அவன் அசரீரி கேட்டவன் என்னும் குறிப்பு அக்கோயிற் கல்வெட்டிலும் இருத்தல் இக்கருத்துக்குத் துணையாகிறது.

மன்னனுடைய கோயிலைப் பெருமான் ஒதுக்கவில்லை என்பதையும் மறவற்க. நாள்தான் தள்ளிப்போயிற்று. கைலாசநாதர் இன்றும் கல்லாக நின்று காட்சி தருகின்றார். திருப்பணிக்குப் பொருள் கொடுத்தோர் மனம் வாட வேண்டுவதில்லை; முன்னுரிமை யாருக்கு என்பதில்தான் பெருமான் ஒரு திருத்தம் செய்தார்.

தஞ்சைப் பெருங்கோயில் இச்செய்திக்கு இன்னொரு முகம். முதலாம் இராசராசன் தன் ஆட்சியின் 25ஆம் ஆண்டு 275ஆம் நாள், அதாவது கி.பி. 1010இல், விமானத்தின் உச்சிக்கு வேண்டும் செப்புக்குடம் கொடுத்தான். அத்தகைய பேரரசன் தனக்குச் சூட்டிக்கொண்ட பெயர்களுள் ஒன்று சிவபாதசேகரன். சிவனடியையே தலைக்கு அணியாகக் கொண்டவன் என்பது அதன் பொருள். அவன் இட்ட ஆணையைக் கல்லிற் காண்கிறோம். தான் கொடுத்தவையும், தமக்கையார் குந்தவையார் கொடுத்தவையும், தேவியர் கொடுத்தவையும், மற்றும் கொடுத்தவர்கள் கொடுத்தவையும் சேர்த்தே வெட்டுக என்று பணித்தான். மற்றும் கொடுத்தவர்கள் என்னும் அத்தொடரில் படைத்தலைவரும் பணிமக்களும் அடங்குவர். தமிழகத்துக் கோயிற் சுவர்கள் எங்கும் இதே வழக்கம். நந்தா விளக்குக்கு ஆடு விட்ட சிற்றூரார் பெயரும் மன்னன் மெய்க்கீர்த்தியின் கீழே அதே கல்லில் நிற்கும். பார்வோனது சுவரில் ஒருவனே கொடுப்பவன். இராசராசனது சுவரில் பலர். இரண்டையும் ஒருங்கு வைத்துப் பார்க்கும்போது எகிப்துக்கும் நமக்கும் உள்ள வேற்றுமை ஐயமறத் தெரிகிறது.

பள்ளிப்படை பற்றி ஒரு சொல். மன்னனோ தேவியோ மறைந்த பின் அவர் நினைவாக எழுந்த கோயில் பள்ளிப்படை எனப்பட்டது. ஆதித்த சோழனுக்குத் தொண்டைமானாற்றூரில் மகன் பராந்தகன் எடுத்தான். அரிஞ்சயனுக்கு மேற்பாடியில் இராசராசன் எடுத்தான். பஞ்சவன் மாதேவியாருக்குப் பழையாறையில் இராசேந்திரன் எடுத்தான். நம் பாண்டி நாட்டிலும் திருச்சுழிக்கு அணித்தே பள்ளிமடத்தில் சுந்தரபாண்டிய ஈச்சுரம் உண்டு. பிரமிடுக்கு நம் நாட்டில் இணை தேடுவார் இவற்றையே காட்டுதல் கூடும். ஆயின் உள்ளே சென்று பாருங்கள். கருவறையில் எழுந்தருளியிருப்பது சிவலிங்கம். மன்னன் பெயர் ஈச்சுரம் என்னும் சொல்லுக்கு அடைமொழியாய் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. தூபமும் தீபமும் இறைவனுக்கு.

இம்மரபு பிற்காலத்தும் அறுபடவில்லை. மதுரைச் சித்திரைத் திருவிழாவில் முடி சூடுபவள் மீனாட்சியம்மை. செங்கோல் அவள் கைக்குரியது, நாட்டை ஆள்பவர் அதனை அவளிடமிருந்தே பெற்றனர். மேற்கே திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மர் 1750இல் நாடு முழுவதையும் பதுமநாபப் பெருமான் திருவடியில் ஒப்புவித்து, தம்மைப் பதுமநாபதாசர் என்றே வழங்கிக்கொண்டார். அவர் வைணவ நெறியினர். ஆயினும் கொள்கை நம்முடையதே. நம் ஊர்களில் இன்றும் தலையிற் கட்டும் பரிவட்டம் இவ்வழியில் வந்த முடிதான். அது பெருமான் தன் திருமேனியிற் சாத்திய துணியினின்று தொண்டனுக்கு அளிப்பது. அதனை முதலிற் பெறுவது யார் என்னும் வழக்கினாலேயே திருவிழா நின்றுபோன ஊர்களையும் இந்த எழுபது வயதிற்குள் கண்டிருக்கிறேன். தேர் ஓடாத தெருவில் பரிவட்டம் கட்டி யாது பயன்? முரசுகட்டிலின் அருகில் கவரி வீசி நின்ற சேரனை அவ்வூரார்க்கு யாரும் சொல்லியிரார் போலும்.

எகிப்தியர் வழிபாடு என்னவாயிற்று? நாடு உரோமர் கைப்பட்டபின் மண்ணின் மன்னர் இல்லை. உரோமச் சக்கரவர்த்தியின் உருவத்தையே பார்வோன் கோலத்தில் செதுக்கிச் சில நூற்றாண்டு சமாளித்தனர். சக்கரவர்த்திகள் கிறித்தவரானதும் அதுவும் இயலவில்லை. பிலே தீவுக் கோயிலில் கி.பி. 394இல் வெட்டிய எழுத்தே அவர்தம் பழைய சித்திர எழுத்தில் கடைசியானது. 6ஆம் நூற்றாண்டில் சசுடினியன் ஆட்சியில் அக்கோயிலும் அடைக்கப்பட்டது. பின்னர் 1822இல் சாம்போலியோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் படித்துக் காட்டும்வரை அவ்வெழுத்தைப் படிப்பார் இல்லை. வேற்றுச் சமயத்தின் எழுச்சியும் அரசாணையும் இதற்குக் காரணங்கள் என்பது மெய். அவற்றோடு, வழிபாடு முழுதும் ஒருவன் பெயரில் நடந்தது என்பதையும் சேர்த்தெண்ண வேண்டும். அபு சிம்பல் கோயிலை அணைநீர் மூழ்கடிக்காதபடி 1964 முதல் 1968 வரை துண்டு துண்டாக அறுத்து மேட்டில் ஏற்றி வைத்தனர். அரிய பணி. காண வருவோர் பலர், பூசை இல்லை.

இங்கே சின்னமனூரை நினைக்கிறேன். நம் பள்ளத்தாக்கின் பழம்பெருமை அனைத்தும் அவ்வூரில் அடக்கம். பாண்டியர் குலமுறை கூறும் செப்பேடுகள் அங்கே கிடைத்தன. அவற்றுட் பெரியது, 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இராசசிம்ம பாண்டியன் நற்செய்கைபுத்தூர் என்னும் ஊரைத் தானமாகக் கொடுத்ததைக் கூறுவது. அதிற் சொல்லப்படும் குலப்பெருமை எளியதன்று. அகத்தியரைப் புரோகிதராகக் கொண்டது, இந்திரனோடு ஒக்க இருந்து அவன் ஆரம் பூண்டது, மதுரையிற் சங்கம் வைத்தது, மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியது எனப் பாண்டியர் பெருமை விரிந்து செல்கிறது. பார்வோனும் பொறாமை கொள்வான்.

அப்பெருமை பேசிய இராசசிம்மனுக்கு நேர்ந்தது யாது? முதலாம் பராந்தக சோழன் படையெடுத்து மதுரை கொண்டான். இராசசிம்மன் பாண்டியர் முடியையும் இந்திரன் ஆரத்தையும் எடுத்துக்கொண்டு ஈழம் சென்று, அவற்றை அந்நாட்டு மன்னனிடம் அடைக்கலமாக வைத்துவிட்டு, உதவி கிட்டாமையால் தாயின் பிறந்த நாடாகிய சேரநாடு சேர்ந்தான். பராந்தகன் மதுரையில் முடிசூட விரும்பினான், முடி இல்லை. ஈழத்து மன்னனிடம் கேட்டனுப்பியும் படை செலுத்தியும் பெற முடியவில்லை. பின்னும் பல்லாண்டு அம்முடி கடலுக்கு அப்பாலே கிடந்து, ஏறத்தாழ 1017ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழன் ஈழம் வென்றபோதுதான் அதனைக் கவர்ந்துகொண்டான். முடி இருந்த இடத்தில் முடிவேந்தன் இல்லை. வேந்தன் இருந்த இடத்தில் முடி இல்லை.

ஆனால் சின்னமனூர் மக்கள் இராசசிம்மனை வேறொரு வகையில் நினைவிற் கொண்டிருக்கின்றனர். அங்கே பூலாநந்தீசுவரர் திருக்கோயிலின் வரலாறாக அவர்கள் வழிவழிச் சொல்வது இது. பூலா மரத்தடியில் வெளிப்பட்ட இலிங்கத் திருமேனி நெடிதுயர்ந்து நின்றதாம். இராசசிம்மன் அன்பு மேலிட்டு அதனைத் தழுவிக்கொண்டான். மன்னன் தழுவுதற்கு ஏற்றவாறு பெருமான் அவன் உயரத்துக்குத் தன்னைக் குறைத்துக்கொண்டார். அதனால் அவருக்கு அளவுக்கு அளவானவர் என்று பெயர். தரிசனத்துக்குச் செல்வோர் நெட்டையாயினும் குட்டையாயினும், முதியோராயினும் சிறுவராயினும், அவரவர் உயரத்துக்கு ஒத்தவராகவே பெருமான் தோன்றுவார் என்று அவ்வூரார் இன்றும் சொல்லுகின்றனர். குடமுழுக்குக்கு வரும் அன்பர்கள் மீளும் வழியில் சின்னமனூரில் இறங்கி அப்பெருமானையும் கண்டு செல்லலாம், சுருளிப்பட்டியிலிருந்து நெடுந்தொலைவன்று.